யூரலிக் வினைப்பாங்கைக் கற்க "ஆம்" விகுதியிலிருந்து தொடங்குங்கள்

திருகோணமலைக் கரையில் வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டும் ஒருவர், "நாளைக்கு மழை பெய்யுமாம்" என்கிறார். அந்த மழைக்கு அவர் பொறுப்பில்லை, வானொலியிலோ அயலவர் வாயிலோ கேட்டதைத்தான் சொல்கிறார் என்பதை ஈற்றிலுள்ள "ஆம்" காட்டிவிடுகிறது. பின்லாந்தின் பின்னியம், எஸ்தோனியம், ஹங்கேரியம் ஆகியவை அடங்கிய குடும்பமே யூரலிக் மொழிகள். அவற்றின் வினைப்பாங்கை, அதாவது சொல்வது உறுதியா, கேட்டதா, ஊகமா, ஏவலா என்று வினை காட்டும் முறையைக் கற்க விரும்பும் தமிழர், ஆங்கில இலக்கண அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு இந்த "ஆம்" விகுதியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் துணிபு.

எஸ்தோனிய மொழியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். "தா துலெப்" என்றால் அவன் வருகிறான். "தா துலெவத்" என்றால் அவன் வருகிறானாம். ஆனால் ஓரிடத்தில் நமக்குக் கால் வழுக்கும். தமிழில் "வருகிறேனாம்", "வருகிறாயாம்" என இட விகுதி அப்படியே நிற்க, அதன்மேல் "ஆம்" ஏறுகிறது. எஸ்தோனியத்திலோ "வத்" வந்ததும் இட விகுதி நீங்கிவிடுவதால், நான், நீ, அவன் மூவருக்கும் "துலெவத்" ஒன்றே. ஆகவே எழுவாயை விழுங்கிவிடும் நம் பழக்கத்தை அங்கே கைவிட வேண்டும். நாம் "மழையாம்" என்று பெயரிலும் ஒட்டுவோம். "வத்" வினையை விட்டு நகராது.

பின்னிய மொழியில் "துலெ" என்றால் வா, "துலே" என்றால் வருகிறான், "துல்லே" என்றால் அநேகமாக வருவான். குறில் நெடிலும் ஒற்றிரட்டலும் பழகிய காதுக்கு இது சிரமமே அன்று. குறிப்பேட்டில் தமிழெழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். "துல்லே" என்பதில் ஒளிந்திருப்பது "னே" என்னும் இடைநிலை; ல், ர், ஸ் ஆகியவற்றின் பின் அதன் னகரம் அந்தந்த மெய்யாகத் திரியும். நம் புணர்ச்சி விதிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பழகிய வீடு. இப்பாங்கு பேச்சில் அரிது, செய்தி நடையிலேயே பெரிதும் வரும்; எனவே கண்டால் அடையாளம் காணும் அளவுக்குக் கற்றால் போதும். "துல்கோன்" என்றால் வரட்டும். நம் வியங்கோளை அருகில் வைத்துப் படியுங்கள்.

கடினமானது கற்பனை நிபந்தனை, அதாவது நடக்காததை நடந்தால் என்று வைத்துப் பேசுவது. நாம் "மழை பெய்தால் வரமாட்டேன்" என்று முதற்பாதியில் மட்டும் "ஆல்" சேர்க்கிறோம். பின்னியத்தில் இரு பாதியிலும் "இசி" வேண்டும்: "யொஸ் சதைசி, என் துலிசி". இங்குள்ள "என்" நம்முடைய "என்" அன்று; தன்மை ஒருமைக்குரிய எதிர்மறை வினை அது. மழை உண்மையிலேயே பெய்யக்கூடும் என்றால் "இசி" இரண்டையும் எடுத்துவிட்டு, "யொஸ் சதா, என் துலெ" என்று சாதாரணப் பாங்கில் சொல்ல வேண்டும்.

ஹங்கேரிய மொழியில் "வார்" காத்திருக்கிறான், "வார்யொன்" காத்திருக்கட்டும். "அவன் காத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்" என்பதற்கும் அதே "வார்யொன்" தான்.