நடுவயதில் படிக்க உட்காருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். கையில் மஞ்சள், பச்சை, ரோஸ் என மூன்று மார்க்கர் பேனாக்கள். எனக்குப் பகீரென்றது, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வந்து உட்கார்ந்தேன். நேரம் ஒதுக்காதது, பாதியில் கைவிடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஊரறிந்தவை.

படித்ததைத் தெரிந்ததாக எண்ணுவது

இதற்கு நான் இரண்டு ஆண்டுகளைத் தொலைத்தேன். வானியல் நூல் ஒன்றை மூன்று முறை படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு. ஒருநாள் வட்டத்தில் ஒரு அம்மா, “கோடை ஏன் வருகிறது?” என்று கேட்டார்.

“பூமி சூரியனுக்கு அருகில் போவதால்” என்றேன், தயங்காமல்.

“அப்படியானால் அதே மாதத்தில் தென் அரைக்கோளத்தில் ஏன் குளிர்காலம்?”

வாயடைத்துப்போனேன். பூமி சூரியனை நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில்; அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. பருவங்களுக்குக் காரணம் பூமி அச்சின் 23.5 டிகிரி சாய்வு. வீட்டுக்கு வந்து நூலைப் புரட்டினால், அந்த வரியின் கீழ் என் கோடு. ஓரத்தில் என் கையெழுத்தில் “முக்கியம்”! இன்றும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். அந்த ஐந்து நிமிடப் பெருமிதத்தில்தான் நாம் ஏமாறுகிறோம்.

வரலாற்றிலும் இதே கூத்து. பிரெஞ்சுப் புரட்சி 1789 என்று பளிச்சென்று சொல்வோம். அரசின் கடன், அமெரிக்க விடுதலைப் போரில் கொட்டிய பணம், 1788-ல் பொய்த்த விளைச்சல், ஏறிய ரொட்டி விலை. எது எதைத் தள்ளியது என்று ஐந்து வரி எழுதச் சொன்னால் பேனா நகராது. நகராத இடம்தான் படிக்க வேண்டிய இடம். நூலை மூடிவிட்டு எழுதுங்கள். சிக்கிய இடத்துக்கு மட்டும் திறங்கள்.

கணக்கைக் கண்ணால் போடுவது

பேனாவை எடுங்கள்.

கவிதைக்கு முன் உரையைத் திறப்பது

மூலத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். உரை எங்கும் ஓடிவிடாது.

“எனக்கு அறிவியல் வராது”

பள்ளியில் யாரோ சொன்னது. அவர் இப்போது உங்களுக்கு மதிப்பெண் போடப்போவதில்லை.

புதியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். நூலை மூடவைத்து, வெற்றுத்தாள் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னேன். எந்த நிறத்தில் எழுத வேண்டும் என்று கேட்டார்.