பழைய ஹைலக்ஸ் கேம்பருக்கு 3.0 டர்போ: கோலாலம்பூரில் எஞ்சின் மாற்றுவது எப்படி

கேம்பர் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது பேட்டரி, குளிர்பெட்டி எல்லாம் ஏறிய பிறகு, எல்என்106 ரக ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சின் (டொயோட்டா வைத்த பெயர் 3எல்) கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா வரை லோரிகளின் வரிசையிலேயே முனகிக்கொண்டு ஏறும். டர்போ கிடையாது, சுமார் 90 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கு விசை. வெறும் வண்டிக்கு அது தாராளம். பெட்டி கட்டிய வண்டிக்குக் காணாது.

அதன் இடத்தில் போட நம் ஊரில் பலரும் தேடுவது டொயோட்டா 1கேஇசட்-டிஇ. 2,982 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ டீசல். 1993 முதல் ஜப்பானிய ஹைலக்ஸ் சர்ஃபில் வந்தது, பிராடோவிலும் உண்டு. தொடக்கக் கால எஞ்சின் சுமார் 130 குதிரைத்திறன் தரும். 2,000 ஆர்பிஎம்மிலேயே 290 நியூட்டன் மீட்டரை எட்டிவிடும். சிசி கணக்கில் கூடுவது 200 மட்டும்தான், மலையில் தெரியும் வித்தியாசம் டர்போவின் வேலை.

4.2 லிட்டர் 1எச்இசட்டையே இறக்கிவிடலாம் என்று சில பட்டறைகளில் ஆசை காட்டுவார்கள். ஆறு சிலிண்டர், நீளமும் எடையும் அதிகம். ரேடியேட்டரை முன்னே தள்ளி, முன் ஸ்பிரிங்கை மாற்றி, கடைசியில் மூக்கு கனத்த வண்டிதான் மிஞ்சும். வேண்டாம். வயரிங் என்றாலே ஓடுகிறவர்களுக்கு 5எல் இருக்கிறது: 2,986 சிசி, மெக்கானிக்கல் பம்ப், 3எல்லின் குடும்பம்தான் என்பதால் ஃபோர்மேனுக்குப் பெரிய தலைவலி இல்லை. ஆனால் டர்போ இல்லை; இவ்வளவு செலவுக்குக் கிடைக்கும் இழுவை கொஞ்சம்தான்.

முதலில் காகிதம்

எஞ்சினுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கிளைக்குப் போய், உங்கள் வண்டிக்கு இந்த மாற்றம் ஏற்கப்படுமா, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கேம்பர் பெட்டியே இன்னும் பதிவில் ஏறவில்லையென்றால் அதையும் அப்போதே பேசுங்கள். ஹாஃப்கட் (வெளிநாட்டில் பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய வண்டி) விற்கும் கடையிடமிருந்து எஞ்சின் எண் அச்சிட்ட ரசீதும், இறக்குமதிக்கான சுங்க கே1 படிவத்தின் நகலும் வாங்க வேண்டும். "பிறகு தருகிறேன்" என்று சொல்லும் கடையில் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்; அந்தக் காகிதம் வராது. வண்டிமேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை. ரோட் டேக்ஸ் சிசி கணக்கில் ஏறும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் புதிய எஞ்சின் எண் போக வேண்டும். எண் மாற்றம் கிரானில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) ஏறாமல் ஓட்டி, விபத்து நடந்துவிட்டால், இழப்பீடு கேட்கும் இடத்தில் பேச வாய் இருக்காது.

ஹாஃப்கட் வாங்கும்போது

வெறும் எஞ்சின் வாங்காதீர்கள். மலிவாகத் தெரியும், பிறகு ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும், ஒவ்வொரு சென்சார் பிளக்குக்கும் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் அலைய வேண்டியிருக்கும். வேண்டியவை: எஞ்சின், ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி), அறுபடாத முழு வயரிங், ரிலே பெட்டி, குளோ ரிலே, எரிபொருள் ஃபில்டர் தலை, ரேடியேட்டர், ஃபேன், ஷ்ரௌட் (ஃபேனைச் சுற்றிய கூடு), ஏர் ஃபில்டர் பெட்டி, எஞ்சின் மவுண்டிங், ஆக்சிலேட்டர் கேபிள். முடிந்தால் மேனுவல் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) சேர்த்தே. 3எல்லுக்குப் பின்னால் இருந்த கியர்பாக்ஸ் இந்த முறுக்கு விசையை நெடுநாள் தாங்காது. ஆர் வரிசை ஐந்து கியர் பெட்டிதான் இதற்கு ஏற்றது.

வந்து இறங்கும் சர்ஃபில் பெரும்பாலானவை ஆட்டோ கியர். ஆட்டோ எஞ்சினை வாங்கி மேனுவலாக்கினால் ஃப்ளைவீல், கிளட்ச், பெல் ஹவுசிங், கிராங்கின் நுனியில் உட்காரும் பைலட் பேரிங் எல்லாம் தனியாகத் தேட வேண்டும். பைலட் பேரிங்கை மறந்து கியர்பாக்ஸை மாட்டிவிட்டு மறுபடி இறக்குவது அடிக்கடி நடக்கிற கூத்து.

பம்ப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதன் இன்ஜெக்ஷன் பம்ப் எலெக்ட்ரானிக். தொழிற்சாலையில் ஒவ்வொரு பம்ப்பையும் அளந்து, அதன் குணத்துக்கேற்ற திருத்த ரெசிஸ்டர்களைக் கூடவே கொடுத்திருப்பார்கள். ஈசியூ அவற்றைப் படித்துத்தான் எவ்வளவு டீசல், எப்போது என்று முடிவு செய்யும். ஒரு எஞ்சினின் பம்ப்பையும் இன்னொன்றின் ரெசிஸ்டரையும் கலந்தால் ஐடில் ஆடும், புகை வரும், காரணம் லேசில் பிடிபடாது.

கடையில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். எந்த சிலிண்டரும் சதுர செண்டிமீட்டருக்கு 20 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. சிலிண்டர்களுக்கு இடையே 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஹெட்டைத் திறந்தே ஆக வேண்டும்

கேஇசட்டின் பலவீனம் ஊரறிந்தது: அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் விரிசல் விடும். விரிசல் பெரும்பாலும் வால்வுகளுக்கு நடுவிலும் முன்னெரி அறை உட்காரும் இடத்தை ஒட்டியும் விழும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் எஞ்சின் சூடாகும்போது வாய் திறந்து, எரிவாயுவைக் கூலண்டுக்குள் தள்ளும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலோ, ரிசர்வ் டப்பாவில் விடாமல் குமிழி வந்தாலோ சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஆகவே எஞ்சின் தரையில் இருக்கும்போதே ஹெட்டைக் கழற்றி, மெஷின் ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். வெந்நீரில் முக்கிச் செய்கிற இடமாகப் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் தப்பிக்கும் விரிசல் வெந்நீரில் மாட்டிக்கொள்ளும். விரிசல் இருந்தால் வெல்டிங் வைக்காமல் புது ஹெட் வாங்குவதே புத்திசாலித்தனம். திரும்ப மாட்டும்போது கைக்குக் கிடைத்த கேஸ்கட்டைப் போடாதீர்கள். பிஸ்டன் பிளாக்கின் மட்டத்துக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜில் அளந்து, மூன்று தடிமன்களில் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தச் சாக்கில் டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்கின் முன்பின் சீல்கள், கேம் சீல், குளோ பிளக், கிளட்ச் தட்டு எல்லாவற்றையும் புதிதாக்கிவிடுங்கள். பெல்ட்டுக்கு ஆயுள் 1,00,000 கிலோமீட்டர். ஹாஃப்கட்டின் மீட்டரை நம்ப முடியாது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதோடு கதை முடிந்தது.

இறக்கி உட்கார வைப்பது

பழைய எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்த பிறகு, புதியதை வெல்டிங் இல்லாமல் செயின் பிளாக்கில் தொங்கவிட்டே அளவு பார்க்க வேண்டும். எல்என்106இன் முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங் மேல் உட்காரும் முழு ஆக்சில்; சர்ஃபின் முன் சஸ்பென்ஷன் வேறு. அதனால் ஆயில் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி), முன் டிஃப் (டிஃபரென்ஷியல்), டை ராட் மூன்றுக்கும் இடையே ஸ்பிரிங் முழுதாக அமுங்கிய நிலையில் இடைவெளி பார்க்க வேண்டும். பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மோதி நிற்கும் ரப்பர்) தொடும்வரை ஆக்சிலை ஜேக்கில் தூக்கிப் பாருங்கள். 25 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது அளந்துவிட்டு, முதல் கம்பச் சாலைக் குழியில் சம்ப்பை நசுக்கியவர்கள் உண்டு.

எஞ்சின் பின்பக்கம் சற்றுச் சரிந்து, கியர்பாக்ஸ் வெளியேறும் கோணமும் பின் டிஃப் பினியனின் கோணமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மணிக்கு 80 கிலோமீட்டரில் தொடங்கி ஒரு நடுக்கம் வரும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது. கேம்பரின் எடை பின்னால் ஏறிய நிலையில்தான் இந்தக் கோணத்தை அளக்க வேண்டும், பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அல்ல. மவுண்டிங் பிராக்கெட்டை முதலில் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தி, பானெட் மூடுகிறதா, ஃபேன் ஷ்ரௌடுக்குள் நடுவில் சுற்றுகிறதா, டர்போவின் டவுன்பைப் ஸ்டீரிங்கைத் தொடாமல் போகிறதா என்று பார்த்த பிறகே முழு வெல்டிங். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஈசியூவையும் கழற்றிவிடுங்கள்.

டிஃப் விகிதமும் பார்க்க வேண்டும். பின் சக்கரங்களில் ஒன்று தரையில் நிற்க, மற்றதைத் தூக்கி இரண்டு முழுச் சுற்று சுற்றி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினால் அதுவே விகிதம். சாதாரண டிஃப்புக்குத்தான் இந்தக் கணக்கு. லிமிடெட் ஸ்லிப் இருந்தால் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஒரு சுற்று. பின்னால் மாற்றினால் முன்னாலும் அதே விகிதம். இல்லையேல் நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அலறும்.

சூடு

நம் ஊர் வெயிலில், பெட்டி கட்டிய வண்டியில், இந்த எஞ்சின் பிழைப்பதும் சாவதும் இங்கேதான். 3எல்லின் ரேடியேட்டரை வைத்து ஒப்பேற்றாதீர்கள். மூன்று வரிசை செம்பு அல்லது தடித்த அலுமினிய ரேடியேட்டர், முழு ஷ்ரௌடோடு. ஷ்ரௌட் இல்லாத ஃபேன் பின்னாலிருக்கும் சுடு காற்றையே திரும்பச் சுற்றும். ஃபேன் கிளட்ச்சைச் சோதிக்க, எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் தள்ளுங்கள். தாராளமாகப் பல சுற்று சுற்றினால் உள்ளே சிலிக்கோன் எண்ணெய் வற்றிவிட்டது.

"இந்த வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு பாஸ்?" என்று கழற்றிப் போடும் ஃபோர்மேன்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். மலையில் சூடு இன்னும் ஏறும். ஒரிஜினலைப் போடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், கூலண்ட் மட்டும்.

டேஷ்போர்டு வெப்பமானியை நம்ப முடியாது. முள் நடுவில் நின்றுகொண்டே இருக்கும், அசையும்போது காலம் கடந்திருக்கும். தண்ணீருக்கு ஒரு டிஜிட்டல் மீட்டரும், டர்போவுக்கு முன் எக்ஸாஸ்டில் ஒரு வெப்பமானியும் கட்டாயம். எக்ஸாஸ்ட் 650 டிகிரியைத் தாண்டினால் காலைத் தளர்த்தி, ஒரு கியர் இறக்குங்கள். 700ஐத் தாண்டி நீண்ட நேரம் பிடிக்காதீர்கள்.

வயரிங், டீசல், முதல் ஸ்டார்ட்

கேஇசட் தெரிந்த வாயர்மேனிடம் கொடுங்கள். ஈசியூவுக்கு நிலையான பேட்டரி லைன், சாவி லைன், ஸ்டார்ட் லைன், குளோ விளக்கு, எஞ்சின் விளக்கு, நல்ல எர்த் ஆகியவை வேண்டும். எர்த்தைப் பெயின்ட்மேல் முறுக்கினால் வரும் கோளாறுகள் பேய் பிடித்ததுபோல் இடம் மாறும். இன்னொன்று, பழைய ஹைலக்ஸின் ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுவது. ஈசியூ கேட்பது மின்துடிப்பு. கேபிள் வழியில் ஒரு பல்ஸ் சென்சார் சேர்த்தால் எஞ்சின் விளக்கு அணையும். கோளாறு எண்ணைப் படிக்க, டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ண வேண்டும்.

கேம்பரின் இரண்டாவது பேட்டரி லித்தியமாக இருந்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரே லைன் கொடுக்காதீர்கள், டிசி-டிசி சார்ஜர் வழியாக மட்டும். பிரேக் பூஸ்டருக்கு வேக்கும் தரும் பம்ப்பின் ஆயில் லைனும், ஆயில் திரும்பும் ஹோஸும் விட்டுப்போகக் கூடாது.

நம் பெட்ரோல் பம்புகளில் கிடைக்கும் டீசலில் பனை பயோடீசல் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் அதில் ஊறிக் கசியும். தொட்டியின் அடிக்கசடும் கழன்று வரும். தொட்டியைக் கழுவி, ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, முதல் ஃபில்டரை 1,000 கிலோமீட்டரிலேயே தூக்கிப் போடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் சுமார் 7 லிட்டர் ஆயில் ஊற்றி, டர்போவின் ஆயில் வாயிலும் கொஞ்சம் ஊற்றுங்கள். இன்ஜெக்ஷன் பம்ப்பின் ஸ்பில் வால்வு (டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) மின் பிளக்கைக் கழற்றிவிட்டால் டீசல் பீய்ச்சாது. அந்த நிலையில் பத்து விநாடி, ஓய்வு, மீண்டும் பத்து விநாடி என்று ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றுங்கள். பிறகு பிளக்கை மாட்டி, ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்ப்பை இறுகும்வரை அமுக்கி, ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு

புஸ்பாகோமில் (வாகனப் பரிசோதனை மையத்தில்) எஞ்சின் எண்ணைத் துடைத்துத் தெளிவாகக் காட்டுங்கள். அந்த இடத்தை எதற்காகவும் கிரைண்டரால் தொடாதீர்கள். கரும்புகை வரம்பு 50 எச்எஸ்யூ (புகை அடர்த்தியின் அலகு). அதைத் தாண்டினால் முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கசிவு, இன்ஜெக்டர் முனை. பம்ப்பில் கை வைப்பது கடைசி.

சோதனை ஓட்டம் முதலில் காலிப் பெட்டியோடு உலு யாம் பக்கம். கூலண்ட் குறையாமல், ஹோஸ் இறுகாமல் வந்தால், அடுத்தது முழுச் சுமையோடு காராக் நெடுஞ்சாலை. திரும்பி வந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மட்டத்தையும் மவுண்டிங் போல்ட்டுகளையும் டவுன்பைப் நட்டுகளையும் பாருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலும் கியர் ஆயிலும் மாற்றி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளை மறுபடி ஒரு சுற்று முறுக்கிவிடுங்கள்.