அணியின் பெயரைத் தடித்த சாய்வெழுத்தில் அமைப்பது எப்படி?

கபடி அணி ஒன்றுக்கு ‘மின்னல்’ என்று பெயர் சூட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பெயர் சட்டையிலும் பதாகையிலும் பாய்ந்து செல்வதுபோல் தோன்ற வேண்டுமானால், தட்டச்சிட்டுச் சாய்வுப் பொத்தானை அழுத்துவது மட்டும் போதாது. 1501ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சகத்தார் ஆல்டஸ் மனூசியஸ் பண்டைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூலைச் சாய்வெழுத்தில் அச்சிட்ட காலந்தொட்டு, ரோமன் எழுத்துகளுக்குத் தனியாக வரையப்பட்ட சாய்வு வடிவங்கள் உண்டு. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அவை இல்லாததால், அந்தப் பொத்தான் நேரெழுத்தை அப்படியே சரித்துவிடுகிறது.

முதலில் மிகத் தடித்த எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துருக்களின் தடிமனை எண்ணால் குறிப்பார்கள்; எண் கூடக்கூட எழுத்து தடிக்கும். 900 வரை தடிமன் உள்ள கேட்டமரானும், 800 வரை தடிமனுடன் அகலத்தையும் குறைக்க இடந்தரும் அனேக் தமிழும் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் பெயரைத் தட்டச்சிட்டு, எழுத்துகள் சரியாகச் சேர்ந்திருப்பதை உறுதிசெய்த பிறகே கோட்டுருவாக (தட்டச்சு எழுத்தாக அன்றி, திருத்தக்கூடிய வெளிக்கோடுகளாக) மாற்றி, 12 பாகை வலப்புறம் சாயுங்கள். 100 மில்லிமீட்டர் உயர எழுத்தின் உச்சி அப்போது ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் நகரும். 20 பாகை சாய்த்தால் 36 மில்லிமீட்டர் நகரும். 15 பாகையைத் தாண்டினால் வேகத்தைவிடத் தடுமாற்றமே மிஞ்சும் என்பது என் கருத்து.

உண்மையான வேலை இதன் பின்னரே தொடங்குகிறது. வட்டமான கோட்டைச் சரிக்கும்போது அதன் வல மேற்பகுதியும் இடக் கீழ்ப்பகுதியும் தடித்து, மற்ற இரு மூலைகளும் மெலிந்துவிடுவதால், சுழிகளும் வளைவுகளும் நிறைந்த தமிழெழுத்தில் இந்தக் கோணல் ரோமன் எழுத்தைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தும். எனவே ன, ல ஆகியவற்றின் வளைவுகளை, வெளிக்கோட்டில் உள்ள கணுப்புள்ளிகளை ஒவ்வொன்றாக நகர்த்தித் தடிமனைச் சமப்படுத்துங்கள். சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடத்தைத் தேவைக்குச் சற்று அதிகமாகவே விடுங்கள், ஏனெனில் துணியில் நூல்வேலை செய்யும்போது அந்தத் துளைகள் அடைபட்டால் இரண்டு சுழி ‘ன’வையும் மூன்று சுழி ‘ண’வையும் பிரித்தறிய முடியாது.

புள்ளியும் சரிந்து முட்டை வடிவாகியிருக்கும். அதை நீக்கிவிட்டு முழுவட்டம் ஒன்றை வையுங்கள். அந்த வட்டத்தின் நடு, எழுத்தின் சாய்ந்த அச்சின்மேல் அமைய வேண்டும். எழுத்துக்கு நேர் மேலே வைத்தால் புள்ளி பின்னோக்கி வழுக்கியதுபோல் தெரியும். இடைவெளியைக் குறைக்கும்போது ‘மி’யின் மேல்வளைவும் ‘ன்’ புள்ளியும் முதலில் மோதிக்கொள்ளும் என்பதால், அந்த ஓர் இடத்தைத் தனியாகச் சரிசெய்யுங்கள்.

ஆட்டக்காரரின் எண்ணும் அதே கோணத்தில் சாய்ந்திருக்கட்டும். அணியின் வாகனத்தில் எழுதும்போது இன்னொன்றையும் எதிர்பாருங்கள்: வண்டியின் வலப்பக்கத்தில் எழுத்து முன்னோக்கிப் பாயும், இடப்பக்கத்திலோ பின்னோக்கிச் சாயும். அதற்காக அங்கே எழுத்தை மறுபக்கம் சாய்க்க வேண்டாம். பெயரின் உருவம் இரண்டாகப் பிளந்துவிடும். இடப்பக்கத்தில் பெயரைச் சிறிதாக்கி, அணியின் சின்னத்தைப் பெரிதாக வரையுங்கள்.