வீட்டுப் பூனை கடித்தபோது நான் செய்தது

காட்பாடியில் எங்கள் வீட்டுப் பூனைக்குக் காதில் மருந்து விடும்போது, கட்டைவிரலடியில் கடித்துவிட்டது. ஊசி குத்தியது போல இரண்டு புள்ளி, துளி ரத்தம், அவ்வளவுதான். பூனைக் கடியில் பயப்பட வேண்டியதே இதற்குத்தான். பல் மெல்லிசு, ஆழமாக இறங்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

உடனே குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு பீட்டாடின். அதற்குள் அத்தை மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்துவிட்டார். "வேணாம் அத்தை, கடிவாயில எதையும் அப்பக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கட்டுகூடப் போடாமல் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பினேன். அங்கே ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசி இலவசம்.

தோலைத் துளைத்து ரத்தம் வந்தால் மூன்றாம் வகைக் கடி, அதாவது ரேபிஸ் ஆபத்து அதிகமான வகை. அதனால் ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் ஏற்றினார்கள். நன்றாகவே வலித்தது, ஆனாலும் அதை வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். ரேபிஸ் தடுப்பூசி தோலில், 0, 3, 7, 28ஆம் நாட்களில். டெட்டனஸுக்கான டிடி ஊசி தனி.

அன்று இரவே விரல் சிவந்து வீங்கி, மடக்க முடியவில்லை. டாக்டர் எழுதித் தந்த அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை முழுக்க முடித்த பிறகுதான் வீக்கம் சுத்தமாக வடிந்தது.

பூனையை 10 நாள் கண்காணிக்கச் சொன்னார்கள். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கவே கூடாது.