இன்ஜின் மாற்றிய பிறகு புதுச் சத்தமா? பிரிப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

மாற்றிப் போட்ட இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ‘டக் டக்’ என்று கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் இன்ஜினே போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் கழற்றி மாட்டிய இடங்களில்தான் முதலில் தேட வேண்டும்.

படி 1: ஆயில்

டிப்ஸ்டிக்கில் அளவைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்த சில விநாடிகளில் ஆயில் விளக்கு அணையாவிட்டால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். விளக்கு அணைந்தாலும் நிம்மதியாகிவிட முடியாது. பிரஷர் மிகவும் இறங்கினால்தான் அது எரியும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றி அங்கே ஒரு கேஜை மாட்டி, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. பிரஷர் சரியாக இருந்து, இன்ஜின் நெடுநாள் சும்மா கிடந்ததாக இருந்தால், ஹைட்ராலிக் டேப்பெட்டில் (ஆயில் பிரஷரால் வால்வு இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் பாகம்) ஆயில் நிரம்பும் வரை கொஞ்ச நேரம் ‘டிக் டிக்’ கேட்கலாம்.

படி 2: சத்தம் எங்கே, எந்த வேகத்தில்?

காற்றோட்டமான இடம், நியூட்ரல், ஹேண்ட்பிரேக். தொளதொள உடை வேண்டாம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் பல இடங்களில் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக் கேளுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான். 800 ஆர்பிஎம்மில் ஒரு வால்வின் சத்தம் நிமிடத்துக்கு 400 தடவை வரும். கிராங்கோடு சேர்ந்து சுற்றுவது 800 தடவை தட்டும். காதால் எண்ண முடியாது. போனில் பதிவு செய்து மெதுவாக ஓட்டிக் கேளுங்கள், வித்தியாசம் தெரியும்.

கிராங்க்கின் பாதி வேகத்தில் சத்தம் வந்தால் வால்வு என்று மட்டும் நினைக்க வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிந்தாலும் அப்படித்தான் கேட்கும். சூடானதும் குறைந்தால், இணைப்பில் கரி படிந்திருக்கிறதா பாருங்கள்.

படி 3: பெல்ட்

ஆல்டர்னேட்டர் போன்றவற்றைச் சுற்றும் வெளி பெல்ட்டை (டைமிங் பெல்ட்டை அல்ல) கழற்றிவிட்டுச் சில விநாடிகள் மட்டும் இன்ஜினை ஓட்டுங்கள். சத்தம் நின்றால் ஆல்டர்னேட்டர், ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கும் உருளை) போன்றவற்றில்தான் கோளாறு.

படி 4: கியர்பாக்ஸ் சேரும் இடம்

என்னைக் கேட்டால், நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்ச்சை அழுத்தி விடுவிப்பது). மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாக இருப்பது) போல்ட் லூசாக இருந்தாலோ, அதைக் கிராங்கோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட் தட்டு விரிசல் விட்டிருந்தாலோ, ராடு பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்கில் சேரும் இடத்து பேரிங்) போனது மாதிரியே தட்டும். இதை நம்பி நல்ல இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. கவரைத் திறந்து, கிராங்கை ஸ்பேனரால் சுற்றி, போல்ட்களை ஒவ்வொன்றாக டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வரும் மெல்லிய தகடு வளைந்திருந்தாலும் உரசும். உரசிய இடம் பளபளவென்று கோடு போட்டிருக்கும்.

அப்புறம் மவுண்ட், சைலன்சர் பைப் எதுவும் சேஸிஸில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: இன்ஜின் உள்ளே

பெட்ரோல் இன்ஜினில் ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராகக் கழற்றி மாட்டுங்கள்; கழற்றும்போது அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் போகாமல் அது நின்றுவிடும். ஒரு சிலிண்டரை நிறுத்தும்போது மட்டும் தட்டல் மங்கினால் அந்த ராடு பேரிங் மீதுதான் சந்தேகம். அதற்கு மேல் வண்டியை ஓட்டாதீர்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். உலோகத் துகள் மின்னினால், ஆயில் சம்பை (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) கழற்றிப் பேரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும்.