மறுநாளும் மொறுமொறுக்கும் குரும்காக்கெ

கிறிஸ்துமசுக்கு ஏழு வகைப் பலகாரம் சுடுவது நார்வே வீடுகளின் பழைய வழக்கம். எங்கள் பிள்ளைகள் முதலில் கேட்பது குரும்காக்கெதான்: பூவேலை பொறித்த இரும்பில் மெல்லியதாகச் சுட்டு, கூம்பாகச் சுருட்டுவது. மழை ஓயாத எங்கள் பெர்கன் நகரில் அது மறுநாளே நமுத்துவிடும்.

மைதாவில் பாதியைக் குறைத்து உருளைக்கிழங்கு ஸ்டார்ச் சேர்த்தேன், மொறுமொறுப்பு கூடியது. சுருட்டுவதற்குச் சில நொடிகளே கிடைக்கும். ஆகவே கணவர் சுட, நான் மரக்கூம்பில் சுற்றுகிறேன். அதைவிட முக்கியம், சூட்டோடு டப்பாவில் அடுக்கவே கூடாது. உள்ளே தங்கும் நீராவிதான் கெடுக்கிறது. கம்பித்தட்டில் முற்றிலும் ஆறியபின் தகர டப்பாவில் இறுக மூடுகிறேன். அப்படியும் நமுத்தவற்றை 100 டிகிரி ஓவனில் சில நிமிடம் வைத்து ஆறவிட்டால் மீண்டும் மொறுமொறுக்கும். கிரீமும் முல்தெ என்ற காட்டுப் பழமும் பரிமாறும்போதுதான் கூம்புக்குள்ளே போகும்.