பிப்ரவரி 9: தறி ஊரில் கொத்தடிமை ஒழிப்பு நாள் நடத்தும் முறை

அமெரிக்காவில் அடிமைகளை விடுவிக்கும் பிரகடனம் 1863 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஜெனரல் கிரேஞ்சரின் விடுதலை ஆணை வந்து சேர 1865 ஜூன் 19 ஆனது. செய்தி காதில் விழுந்த அந்த நாளைத்தான் கறுப்பின மக்கள் கொண்டாடுகிறார்கள். நம் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 பிப்ரவரி 9-ஐச் சேர்ந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் முன்பணம் வாங்கித் தறி ஓட்டுகிறவர்களில் அதைக் கேட்டறியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் கூட்டத்தின் முக்கிய வேலை, சட்டத்தை வாய்விட்டு வாசிப்பது.

கோயில் வாசல் வேண்டாம். உள்ளே விடப்படாதவர்கள் தெருமுனையிலேயே நின்றுவிடுவார்கள். பள்ளி மைதானம் நல்லது. மேடையும் நாற்காலியும் போட்டால் யார் முன்னால் என்ற பழைய வரிசை தானாக வந்துவிடும். பவானி ஜமுக்காளம் விரித்து எல்லோரும் தரையில் உட்காருங்கள்.

டீ 100 பேருக்கு: பால் 6 லிட்டர், தண்ணீர் 4 லிட்டர், டீத்தூள் 250 கிராம், சர்க்கரை 800 கிராம். பேப்பர் கப் வாங்காதீர்கள். இரட்டைக் குவளைப் பழக்கம் அதற்குள் ஒளிந்துகொள்கிறது. ஒருவர் குடித்த எவர்சில்வர் டம்ளரைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுக்கும்போதுதான் ஊரின் மனசு தெரியும். கழுவும் வேலையை ஒரே தெருக்காரர்கள் தலையில் கட்டாமல் எல்லாத் தெருவுக்கும் முறை வையுங்கள்.

வாசிப்புக்கு 20 நிமிடம் போதும். அரசியலமைப்பில் தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவு, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ஆம் பிரிவு. பிறகு 1976 சட்டத்தின் 6, 15-ஆம் பிரிவுகள். ஆறாவது பிரிவு, கொத்தடிமைக் கடன் அடியோடு ஒழிந்தது என்கிறது. பதினைந்தாவது, அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர்மேல் வைக்கிறது. இதை இரண்டு முறை வாசியுங்கள். "சீட்டு எதுவும் கையில் இல்லையே" என்று பயந்துதான் பலர் வாய் திறப்பதில்லை.

முடிந்ததும் முன்பணத்தில் சிக்கியவர்களோடு தனியாக உட்கார்ந்து மனு எழுதுங்கள். முன்பணம் எவ்வளவு, எப்போது, யாரிடம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர வேலை, கூலியில் எவ்வளவு பிடித்தார்கள், வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தார்களா: எல்லாம் இருக்க வேண்டும். "கூலி பாக்கி" என்று மட்டும் எழுதினால் அது வெறும் சம்பளத் தகராறாகிவிடும். "கொத்தடிமை" என்ற சொல்லை விடாதீர்கள். பேசி முடித்து வீட்டுக்கு அனுப்பும் சமரசமும் ஆபத்தானது: கொத்தடிமையிலிருந்து விடுவித்ததாக அதிகாரிகள் தரும் விடுதலைச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகை கேட்க வழியில்லாமல் போகும்.

மனு கொடுக்கும்வரை பெயரும் போட்டோவும் வெளியே போகக் கூடாது. ஒரு வாட்ஸ்அப் படம் போதும், ராவோடு ராவாக ஆளை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.